இரண்டு இன்ச் தூக்கியாச்சு, டயர் எவ்வளவு போடலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி டயர்தான். பேட்டரி, ஏசி, கிளட்ச் என்று எழுதியவர்கள் அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் இருக்கிறது, ஃபோர் வீல் டிரைவ். கம்பெனி டயர் 245/70 ஆர்16, டிஸ்க் (டயர் உட்காருகிற ரிம்) அகலம் 7 இன்ச். முன்னால் ஸ்பிரிங்குக்கு மேலே ஸ்பேசர் என்கிற கட்டை வைத்து, பின்னால் ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்து இரண்டு இன்ச் தூக்கிவிட்டேன். தூக்கின பிறகு பழைய டயர் பொம்மை வண்டி சக்கரம் மாதிரி தெரிகிறது. வேலூரில் ஒரு கடையில் 265/75 தாராளமாகப் போகும் என்கிறார்கள், பெங்களூரில் ஒருவர் 285/75 போட்டால்தான் கெத்து என்கிறார். வாரம் ஒருமுறை பெங்களூர் போவேன், மற்ற நாளெல்லாம் பேரணாம்பட்டு பக்கம் மாந்தோப்பு, எப்போதாவது ஜவ்வாது மலை. எதைப் போடுவது? (குடியாத்தம் வாசகர்)

பதில்: 265/70 ஆர்16 போடுங்கள். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் கொஞ்சம் நீளும், ஆனால் நாற்பது ஐம்பது ஆயிரம் செலவு பண்ணப் போகிறீர்கள், படித்துவிட்டே பண்ணுங்கள்.

வண்டியைத் தூக்கினால், அதாவது லிஃப்ட் போட்டால், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடம் அதிகமாகிறது, அது கண்ணுக்குத் தெரிகிறது, நாலு விரல் நுழைந்த இடத்தில் இப்போது கை முழுசாக நுழைகிறது, உடனே நமக்கு ஆசை வந்துவிடுகிறது. ஆனால் அந்த இடைவெளி வண்டி சமதளத்தில் சும்மா நிற்கும்போது இருக்கிற இடைவெளி. பள்ளத்தில் ஒரு பக்கம் இறங்கி ஸ்பிரிங் முழுசாக அமுங்கும்போது சக்கரம் எங்கே வரைக்கும் ஏறும் என்பதை லிஃப்ட் தீர்மானிப்பதில்லை, பம்ப் ஸ்டாப் என்கிற அந்த ரப்பர் கட்டைதான் தீர்மானிக்கிறது. பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருந்தால், நீங்கள் இரண்டு இன்ச் தூக்கினாலும் மூன்று இன்ச் தூக்கினாலும் டயர் பழைய உச்சி வரைக்கும் ஏறித்தான் தீரும். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் டயர் விற்காது.

எனக்கும் யாரும் சொல்லவில்லை. பல வருடம் முன்னால் என் பழைய பிக்கப்புக்கு இதே ஆசையில் 265/75 வாங்கி மாட்டினேன், "சும்மா போகும் சார்" என்றார் கடைக்காரர். டவுனுக்குள்ளே சும்மாதான் போனது. ஒரு வாரம் கழித்து பின்னால் நாலு பேர், கூடவே ஒரு அடுப்பு, ஒரு அண்டா எல்லாம் ஏற்றிக்கொண்டு அமிர்தி பக்கம் போனபோது, ஒரு சின்னப் பாலத்துக்கு முன்னால் இடது பக்கம் ஒடித்துக்கொண்டே பள்ளத்தில் இறங்கினேன், பாருங்கள், துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் மட்கார்டின் உள் பக்கத்து பிளாஸ்டிக் லைனர் பிய்ந்து தொங்குகிறது, புது டயரின் தோள்பட்டையில் விரல் அகலத்துக்கு ரப்பர் சீவி எடுத்த மாதிரி இருக்கிறது. அண்டாவில் இருந்த பிரியாணி அரிசிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது ஒரு ஆறுதல்.

சரி, கணக்குக்கு வருவோம். 245/70 ஆர்16 என்றால் டயரின் அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், டிஸ்க் 16 இன்ச். பக்கச்சுவர் 171.5 மில்லிமீட்டர், மேலும் கீழும் சேர்த்து 343, டிஸ்க் 406, மொத்தம் 749 மில்லிமீட்டர் விட்டம். இதே மாதிரி போட்டால் 265/70க்கு 777, 265/75க்கு 804, 285/75க்கு 834. அந்த நடு எண் வெறும் எண் இல்லை, சதவீதம் என்பதைத்தான் நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். அகலத்தைக் கூட்டினாலே உயரமும் தானாகக் கூடும்.

டயர் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் வளர்கிறது என்பதால் விட்டத்தில் பாதியைத்தான் பார்க்க வேண்டும். 265/70 போட்டால் சக்கரம் முன்னாலும் பின்னாலும் மேலேயும் 14 மில்லிமீட்டர் கூடுதலாக வரும், 265/75க்கு 27, 285/75க்கு 42. இந்த 42 மில்லிமீட்டர் மேல் பக்கம் மட்டும் போனால் உங்கள் லிஃப்ட் தாங்கியிருக்கும். ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்தால் அது பம்பரின் கீழ் ஓரத்துக்கும், பின்னால் சேஸியில் பாடி உட்காருகிற மவுண்டுக்கும் போகிறது. லிஃப்ட் வண்டியை மேலேதான் தூக்குகிறது, முன்னும் பின்னும் ஒரு நூல்கூட இடம் தருவதில்லை. 285 அளவுக்கு அந்த மவுண்டை வெட்டிப் பற்றவைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், செய்துவிட்டு வந்து படமும் காட்டுகிறார்கள், நான் செய்யச் சொல்ல மாட்டேன். அதற்கும் மேலே 285/75க்கு ஏழரை இன்ச்சிலிருந்து டிஸ்க் வேண்டும், உங்களுடையது ஏழு. ஆக பெங்களூர்க்காரர் சொன்ன கெத்துக்கு டயரோடு டிஸ்க்கும், வெல்டிங்கும், பம்பரும் சேர்ந்து விலை போட வேண்டும்.

இன்னொரு நினைப்பு, இரண்டு இன்ச் தூக்கியாச்சு, அதனால் கல்லில் அடிபடாது என்று. பின்னால் ஆக்ஸில் நடுவில் உருண்டையாகத் தொங்குகிறதே டிஃபரன்ஷியல், அது சக்கரத்தோடு சேர்ந்தது, பாடியோடு சேர்ந்தது இல்லை. பட்டை சேர்த்து நீங்கள் பாடியைத் தூக்கினீர்கள், அந்த உருண்டை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. அதைத் தூக்க ஒரே வழி டயர், அதுவும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் கிடைக்கும். 265/70 போட்டால் 14 மில்லிமீட்டர். சிரிப்பு வருகிறதா? ஒரு விரல் கனம்தான். ஆனாலும் பேரணாம்பட்டு தோப்புப் பாதைக்கு அது போதும், கல்லைப் பார்த்து ஓட்டத் தெரிந்தவருக்கு ஜவ்வாது மலைக்கும் போதும். ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து பீஞ்சமந்தை வரைக்கும் கம்பெனி டயரோடு சுமை வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போய் லிஃப்ட் பற்றிக் கேட்டுப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அப்புறம் பெங்களூர் ரோடு. வாரா வாரம் நெடுஞ்சாலையில் போகிறவர் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். டயர் பெரிதானால் மீட்டர் குறைத்துக் காட்டும். மீட்டரில் 100 என்று காட்டும்போது 265/70 போட்ட வண்டி அதைவிட நாலு கிலோமீட்டர் வேகம் கூடுதலாகவும், 265/75 ஏழு கூடுதலாகவும், 285/75 பதினொன்று கூடுதலாகவும் போய்க்கொண்டிருக்கும். கம்பெனி மீட்டரே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்பதால் முதல் அளவில் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்றாவதில் கேமரா படம் எடுத்து அனுப்பும். பிரேக்கும் அப்படித்தான், அதே பிரேக் டிஸ்க், அதே அழுத்தம், ஆனால் பெரிய, கனமான சக்கரத்தை நிறுத்த வேண்டும், பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கும். ஏலகிரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து பாருங்கள், நான் சொல்வது காலிலேயே தெரியும்.

எதை வாங்குவதற்கு முன்னாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள், காசு செலவில்லாதது. தெரிந்த கடையில் ஒரே ஒரு 265/70ஐ உங்கள் டிஸ்கில் மாட்டித் தரச் சொல்லுங்கள், இடது முன் சக்கரத்தில் போடுங்கள். பரோட்டா மாவு ஒரு கைப்பிடி எடுத்து எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளாக லைனரில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, மேலே ஒன்று, மவுண்ட் பக்கத்தில் ஒன்று என்று ஒட்டுங்கள். அந்தச் சக்கரத்தை மெதுவாக ஒரு பெரிய கல்லின் மேலோ திண்ணையின் மேலோ ஏற்றி, ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு அமுங்கவிட்டு, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள். எந்த உருண்டை நசுங்கியிருக்கிறதோ, எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறதோ, அதுதான் உங்கள் வண்டியின் பதில். அரை இன்ச் மாவு எல்லா இடத்திலும் மிச்சம் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். மறுபடி வலது பக்கமும் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது, லிஃப்ட் போட்ட வண்டியில் சுத்தமாகக் கிடையாது. லிஃப்டுக்குப் பிறகு வீல் அலைன்மெண்ட் பார்த்தீர்களா என்று எழுதவே இல்லையே? பார்க்கவில்லை என்றால் டயரை விடுங்கள், முதலில் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் புது டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்து ஆறே மாதத்தில் மொட்டையாகிவிடும்.

வகை என்று கேட்டால் ஏ.டி. (ஆல் டெரெய்ன், தாருக்கும் மண் பாதைக்கும் பொதுவானது) போதும். எம்.டி. என்கிற பெரிய பட்டன் டயர் சேற்றுக்கானது. உங்கள் ஓட்டத்தில் பாதி தார் ரோடு, ஆம்பூர் தாண்டுவதற்குள் அந்த இரைச்சலில் பாட்டே கேட்காது, மழை பெய்த தாரில் பிடிப்பும் குறைவு. ஐந்தாக வாங்குங்கள், நாலு வாங்காதீர்கள். ஸ்டெப்னி பழைய அளவில் இருந்து, பஞ்சர் ஆன இடத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஃபோர் வீலைத் தட்டினீர்கள் என்றால் முன் பின் சக்கரங்கள் வேறு வேறு சுற்று சுற்றும், அந்த இழுபறி எல்லாம் முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தருகிற டிரான்ஸ்பர் கேஸ் மேல்தான் விழும். ஸ்டெப்னி தொங்குகிற இடத்தில் புது அளவு நுழைகிறதா என்பதையும் மாவு இல்லாமலே பார்த்துவிடலாம்.

கேள்வி: லிஃப்ட் போட்டு 265/75 மாட்டியதிலிருந்து மைலேஜ் 12லிருந்து பத்தரைக்கு வந்துவிட்டது. இன்ஜெக்டர் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். பார்க்கட்டுமா? (ஒடுகத்தூர் வாசகர்)

பதில்: இன்ஜெக்டரைத் தொட விடாதீர்கள். உங்கள் பழைய டயரும் 245/70தான் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் இப்போது வண்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 932தான் காட்டும். அதாவது மீட்டர் சொல்கிற பத்தரை நிஜத்தில் பதினொன்றே கால். குறைந்தது ஒன்றரை இல்லை, முக்கால்தான். அந்த முக்கால் டயரின் கனத்துக்கும், பாடி மேலே போனதால் வாங்குகிற காற்றுக்கும் போகிறது, அதைத் திருப்பி வாங்க முடியாது. போனில் ஜிபிஎஸ் போட்டு வேலூர் வரைக்கும் ஒரு தரம் போய் வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். சர்வீஸ் கணக்கும் மீட்டரை வைத்துத்தான் பார்க்கிறோம், அதனால் 10,000க்கு ஆயில் மாற்றுகிறவர் மீட்டரில் 9,300 வரும்போதே மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: என்னுடையது சாதாரண லோடு பிக்கப், தூக்கவும் இல்லை ஒன்றும் இல்லை. 215/75 ஆர்15. இலவம்பாடியிலிருந்து கத்திரிக்காய், தக்காளி ஏற்றி நேதாஜி மார்க்கெட்டுக்கு அடிக்கிறேன். ஜீப்பிலிருந்து கழற்றிய இதே அளவு டயர் நாலு, கொஞ்சமாகத்தான் ஓடியது, பாதி விலைக்கு வருகிறது. போடலாமா? (பள்ளிகொண்டா வாசகர்)

பதில்: அளவு ஒன்றாக இருந்தால் டயர் ஒன்றாகிவிடாது. அளவுக்குப் பக்கத்திலேயே ஒரு எண்ணும் ஒரு எழுத்தும் இருக்கும், அந்த எண்தான் ஒரு டயர் தாங்குகிற எடை. 100 என்று போட்டிருந்தால் 800 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ. பின்னால் இரண்டு டயருக்குக் கணக்குப் போட்டால் ஒன்று 1,600, இன்னொன்று 2,000. நடுவில் இருக்கிற 400 கிலோ உங்களுக்கு எத்தனை மூட்டை என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆள் ஏற்றுகிற வண்டிக்குச் செய்த டயரைச் சுமை வண்டியில் போட்டால் மே மாதம் மத்தியானம் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும், அதுவும் வண்டி நிறைய தக்காளியோடு. உங்கள் வண்டியில் இப்போது இருக்கிற டயரில் என்ன எண் இருக்கிறதோ அதற்குக் குறையாமல் வாங்குங்கள்.

பழைய டயர் எது வாங்கினாலும் பக்கச்சுவரில் ஒரு முட்டை வடிவத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், அதைத் துடைத்துப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வெயிலில் கிடந்த ரப்பர் ரப்பர் இல்லை. அரக்கோணத்தில் டயர் ஆலை வைத்திருக்கிற ஊர்க்காரர்கள் நாம், நமக்கு யாரோ கழற்றிப் போட்டது எதற்கு?

கேள்வி: டயர் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் அழகாக இருக்கிறது. சக்கரத்துக்கு உள் பக்கம் வைக்கிற வீல் ஸ்பேசர் வளையம் போடலாமா? (வாணியம்பாடி வாசகர்)

பதில்: வேண்டாம். சக்கரத்தை வெளியே தள்ளினால் ஒடிக்கும்போது அது இன்னும் பெரிய வட்டத்தில் சுற்றி பம்பர் ஓரத்தில் முட்டும், பேரிங் சீக்கிரம் போகும், ஸ்டீரிங் கையை இழுக்கும். சேறு முழுக்க கதவில். அழகு எங்கே இருக்கிறது?

கேள்வி: லிஃப்ட், பெரிய டயர் இதற்கெல்லாம் ஆர்டிஓ பிடிப்பார்களா? ஒன்றும் ஆகாது என்கிறார்கள் நண்பர்கள். (திருவலம் வாசகர்)

பதில்: பிடிக்காத வரைக்கும் ஒன்றும் ஆகாதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, ஆர்சியில் இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் திருத்திய சட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றுகூட இருக்கிறது. லிஃப்ட் கிட் விற்கிறவர் இதைப் பெட்டியின் மேல் அச்சடிக்க மாட்டார்.

அபராதத்தைக்கூட கட்டிவிடலாம். விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து லிஃப்டுக்கு வைத்த ஸ்பேசரைப் படம் எடுத்தால்தான் தலைவலி. அதனால்தான் முதல் கேள்விக்காரருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இனிமேல் தூக்க நினைக்கிறவர்கள் தூக்காமலேயே நல்ல ஏ.டி. டயரை, கம்பெனி அளவிலோ அதே கம்பெனி அந்த மாடலின் வேறு வேரியண்டுக்குக் கொடுத்திருக்கிற அளவிலோ போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

கேள்வி: பாலாற்று மணலைக் கடந்துதான் எங்கள் நிலத்துக்குப் போக வேண்டும். அகல டயர் போட்டால் புதையாதா? (ஆற்காடு பக்கம், ஊர் பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: அகலத்தைவிட காற்றுதான் வேலை செய்யும். மணலில் இறங்குவதற்கு முன்னால் காற்றை 18, 20 பாயிண்டுக்கு (பி.எஸ்.ஐ.) இறக்குங்கள், டயர் நீளவாக்கில் சப்பையாகப் படிந்து கம்பெனி அளவே மேலே மிதந்து போய்விடும். திடீரென்று ஒடிக்காதீர்கள், நடுவில் பிரேக் போடாதீர்கள், நின்றுவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதித்துக் குழி தோண்டாமல் வந்த தடத்திலேயே பின்னால் வாருங்கள். அக்கரை போனதும் மறுபடி காற்று ஏற்ற ஒரு சின்ன 12 வோல்ட் பம்பு வண்டியிலேயே இருக்கட்டும், அந்தக் குறைந்த காற்றோடு தார் ரோட்டில் ஏறினால் டயர் போச்சு. காற்றை எப்போதும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பாருங்கள். மத்தியானம் ஓடிவந்த டயரில் நாலைந்து பாயிண்ட் கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து பஞ்சர் கடையில் இறக்கிவிட்டு வராதீர்கள், மறுநாள் காலையில் குறைவாக இருக்கும்.

நவம்பரில் தண்ணீர் வந்தால் இதெல்லாம் செல்லாது. 2021இல் வந்த வெள்ளத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள், அன்றைக்குச் சுற்றிக்கொண்டு பாலத்தில் போங்கள்.